ஹராஜும் ஏலமும்: பழைய மரச்சாமான்களின் விலையும் நியாயமும்

முன்னுரை

ஐதராபாத் நகரின் வரலாற்றை எழுதியோர் கோட்டைகளையும் அரண்மனைகளையும் நிசாமின் நகைகளையும் விரிவாகப் பேசியுள்ளனர். ஒரு வீட்டில் பயன்பட்டு மற்றொரு வீட்டுக்குச் சென்ற கட்டில், மேசை, அலமாரி, நிலைக்கண்ணாடி ஆகியவற்றின் வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. இப்பொருள்கள் கைம்மாறும்போதுதான் ஒரு குடும்பத்தின் தாழ்வும் மற்றொரு குடும்பத்தின் ஏற்றமும் விலையாக வெளிப்படுகின்றன. புதிய பொருளின் விலையை மரமும் கூலியும் இலாபமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பழைய பொருளின் விலையில் இவற்றுடன் விற்பவரின் நெருக்கடியும் வாங்குபவரின் அறிவும் கலந்துவிடுகின்றன. எனவே பழைய பொருளுக்கு நியாய விலை எது என்னும் வினா வணிக வினாவாக இருப்பதோடு அறவியல் வினாவாகவும் அமைகிறது. ஐதராபாத்தில் 1948க்குப் பின் நிகழ்ந்த மாற்றங்களை மையமாகக் கொண்டு, சென்னை, காரைக்குடி ஆகிய ஊர்களின் நிலையோடு ஒப்பிட்டு, இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

சொற்கள் தரும் சான்று

பழம்பொருள் வணிகத்தின் வரலாற்றுக்குச் சொற்களே முதற் சான்றாகின்றன. தமிழில் வழங்கும் ‘ஏலம்’ போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்’ என்னும் சொல்லின் வழிவந்தது. மலையாளத்தின் ‘லேலம்’, தெலுங்கின் ‘வேலம்’, இந்தி, உருது மொழிகளின் ‘நீலாம்’ ஆகியனவும் அதே வழியினவே. கடற்கரைத் துறைமுகங்களில் தோன்றிய ஒரு விற்பனை முறை, சொல்லோடு சேர்ந்து உள்நாட்டுக்கும் பரவியதை இது காட்டுகிறது. சிங்களம் இதே முறைக்கு ‘வெந்தேசி’ என்னும் சொல்லை டச்சு மொழியிலிருந்து பெற்றுள்ளமையும் ஒப்புநோக்கத்தக்கது. ஒரு நிலப்பகுதியில் எவருடைய வணிகம் மேலோங்கியிருந்ததோ, அவருடைய சொல்லே ஏலத்திற்குப் பெயராக நிலைத்தது.

ஐதராபாத் இப்பொதுநிலையிலிருந்து வேறுபடுகிறது. தக்காண உருதுவில் ஏலத்தைக் குறிக்கப் பெருவழக்காக உள்ள சொல் ‘ஹராஜ்’ என்பதாகும். இது அரபு மூலத்தினின்று பாரசீகத்தின் வழியாக வந்தது. தெலுங்கிலும் ‘வேலம்’, ‘ஹர்ராஜு’ என்னும் இரண்டும் வழங்குகின்றன. கடற்கரை தந்த சொல்லும் அரசவை மொழி தந்த சொல்லும் ஒரே மொழியில் அருகருகே வாழ்வது தக்காணத்தின் பண்பாட்டு நிலைக்குத் தக்க எடுத்துக்காட்டு. மேலும், ஏலத்தில் விலை சொல்பவர் தெலுங்கில் ‘பாடுகிறார்’, தமிழில் ‘கேட்கிறார்’. தெலுங்கு வழக்கு அச்செயலின் உரத்த ஒலியைப் பிடித்துள்ளது. தமிழ் வழக்கு அதனுள் இருக்கும் வேண்டுகோளைப் பிடித்துள்ளது. இவ்விரண்டிலும் விலை பலர் அறிய வெளிப்படையாகச் சொல்லப்படுதல் பொதுக்கூறாகும். ஏலத்தின் நியாயம் இவ்வெளிப்படைத்தன்மையில்தான் தொடங்குகிறது.

மரச்சாமான்களின் பெயர்களும் இவ்வகையிலேயே நோக்கத்தக்கன. கட்டில் சங்க இலக்கியத்திலேயே பயிலும் சொல். முரசு கட்டிலில் துயின்ற மோசிகீரனாரின் வரலாற்றைத் தமிழறிஞர் அறிவர். மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியம் தந்தவை. ‘சாமான்’ பாரசீகச் சொல். ஒரு தமிழ் வீட்டின் ஓர் அறையில் உள்ள பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணினாலே பல நூற்றாண்டுகளின் வணிக உறவுகள் வெளிப்பட்டுவிடும்.

நியாய விலை: இலக்கியமும் சட்டமும்

பொருள் கொள்ளுமிடத்து மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்குமிடத்துக் குறைத்துக் கொடாமலும் வாணிகம் செய்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுதலே வணிகர்க்கு வாணிகம் என வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்துக் கூறுகிறார். வாணிக அறத்தை அவர் நடுவுநிலைமையின்கண் அமைத்தமை எண்ணத்தக்கது. விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவர் இடத்திலும் நின்று பார்க்கக் கூடியவரே நியாய விலையை அறிய முடியும் என்பது இதன் உட்கிடை.

தற்காலச் சட்டம் இவ்வளவு தூரம் செல்லவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தாமே விரும்பி உடன்பட்ட ஒப்பந்தம் விலை குறைவு என்ற ஒரே காரணத்தால் செல்லாததாகாது என்கிறது. ஆயினும் அந்த உடன்பாடு உண்மையில் விரும்பித் தரப்பட்டதா என்பதை ஆராயும்போது, விலையின் குறைவை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்றும் கூறுகிறது. அதாவது, சட்டம் விலையை வரையறுக்காமல் மனத்தின் சுதந்திரத்தை மட்டுமே காக்கிறது. பசியோ கடனோ ஊரைவிட்டுச் செல்லும் அவசரமோ உந்த, ஒருவர் தம் வீட்டுப் பொருளை விற்கும்போது அவருடைய உடன்பாடு எத்தகையது என்பதே இங்கு எழும் இடர்ப்பாடு. ஐதராபாத்தின் வரலாறு இவ்விடர்ப்பாட்டைப் பெரிய அளவில் நம் முன் வைக்கிறது.

1948க்குப் பின் ஐதராபாத்

1948 செப்டம்பர் 13ஆம் நாள் தொடங்கிய இராணுவ நடவடிக்கை அம்மாதம் 17ஆம் நாள் முடிவுற்று, ஐதராபாத் அரசு இந்திய ஒன்றியத்தின் பகுதியாயிற்று. 1949 ஆகஸ்டு மாதத்தில் ஜாகிர் ஒழிப்பு ஒழுங்குமுறை பிறப்பிக்கப்பட்டது. நிலவரி வருவாயைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்று வந்த ஜாகிர்தார்களின் பொருளாதார அடிப்படை இதனால் நீங்கியது. அவர்களுக்குரிய ஈட்டுத்தொகை 1950ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையால் வகுக்கப்பட்டது. எனினும் அத்தொகை முன்னைய வருவாய்க்கு ஈடாகவில்லை. பல குடும்பங்களிலிருந்து உறவினர் பாகிஸ்தானுக்குப் புலம்பெயர்ந்தமையும் இக்காலத்தில்தான்.

‘தேவ்டி’ எனப்படும் பிரபுக்களின் மாளிகைகள், பல முற்றங்களையும் பணியாளர் குடியிருப்புகளையும் கொண்டவை. விரிப்புகளையும் கூடாரங்களையும் பேணுவதற்கென்றே ‘ஃபராஷ்கானா’ என்னும் தனிப்பிரிவு அங்கு உண்டு. தரையில் விரித்த விரிப்பின்மேல் திண்டு சாய்ந்து அமரும் மரபு இம்மாளிகைகளுக்கு உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பாணி நாற்காலிகளும் உணவு மேசைகளும் நிலைக்கண்ணாடிகளும் சரவிளக்குகளும் அம்மரபோடு வந்து கலந்தன. வருவாய் நின்ற பின் இத்தகைய மாளிகைகளைப் பேணுவது இயலாததாயிற்று. மாளிகை பகுக்கப்பட்டபோது அதன் அளவுக்கேற்பச் செய்யப்பட்ட மரச்சாமான்கள் இடமற்றவையாயின. பன்னிருவர் அமரும் மேசையைச் சிறு வாடகை வீட்டில் வைக்க இயலாது. இவ்வாறு பொருளின் பெருமையே அதன் விலையைக் குறைத்தது. ஒரே காலத்தில் பலரும் ஒரே வகைப் பொருள்களை விற்க முற்பட்டமையும் விலைவீழ்ச்சிக்கு மற்றொரு காரணமாகும்.

நாணயமும் குழப்பத்தை மிகுவித்தது. நிசாம் அரசின் ‘ஹாலி’ நாணயமும் ‘கல்தார்’ எனப்பட்ட இந்திய நாணயமும் இணைந்து வழங்கிய காலம் அது. ஏறத்தாழ ஏழு ஹாலி ரூபாய் ஆறு கல்தார் ரூபாய்க்குச் சமம். 1950களில் ஹாலி நாணயம் வழக்கொழியும் வரை, ஒரு பொருளின் விலையைக் கேட்பவர் எந்த நாணயத்தில் என்றும் கேட்க வேண்டியிருந்தது. விற்பவர் ஒன்றை எண்ணி வாங்குபவர் மற்றொன்றை எண்ணினால், நூறு ரூபாயில் பதினான்கு ரூபாய்க்குமேல் வேறுபாடு நேரும்.

பழம்பொருள்கள் இரு வழிகளில் கைம்மாறின. ஒன்று, ஹராஜ். மற்றொன்று, வாரச்சந்தை. பேகம் பஜாரை அடுத்து வியாழக்கிழமைகளில் கூடுவதால் ‘ஜுமேராத் பஜார்’ எனப் பெயர்பெற்ற சந்தை பழைய வீட்டுப் பொருள்களுக்குப் பெயர்போனது. ஹராஜில் பலர் போட்டியிட விலை ஏறுகிறது. சந்தையில் இருவர் பேச விலை இறங்குகிறது. முன்னதில் விற்பவருக்கு நன்மை மிகுதி. பின்னதில் வறியவராகிய வாங்குபவருக்கு நன்மை மிகுதி. நகரத்திற்கு இவ்விரண்டும் தேவைப்பட்டன.

விற்கப்படாத ஒரு வீடு

இப்பின்னணியில் மூன்றாம் சாலார் ஜங்கின் சேகரிப்பைக் காண்பது பயனுடையது. மீர் யூசுப் அலி கான் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1949 மார்ச் 2ஆம் நாள் மணமாகாதவராகவே மறைந்தார். நேரடி வாரிசு இன்மையால் அவர் சேர்த்த பொருள்கள் உறவினரிடையே பங்கிடப்பட்டுச் சிதறியிருக்கக் கூடும். அவ்வாறு நேராமல், 1951 டிசம்பர் 16ஆம் நாள் அவர் வாழ்ந்த திவான் தேவ்டியிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நேரு அதனைத் திறந்து வைத்தார். உரிமை கோரிய உறவினருடன் 1958இல் இணக்கம் ஏற்பட்டது. 1961ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. 1968இல் மூசி ஆற்றின் கரையிலுள்ள இன்றைய கட்டடத்திற்கு அது மாற்றப்பட்டது.

இன்று அங்கு நாம் காணும் நாற்காலிகளும் அலமாரிகளும், அவற்றை ஒத்த பொருள்கள் பிற மாளிகைகளில் என்னவாயின என்ற வினாவை எழுப்புகின்றன. இச்சேகரிப்பிலும் பல பொருள்கள் முன்னரே ஒருவர் கையிலிருந்து விற்கப்பட்டு, வணிகர் வழியாகச் சாலார் ஜங்கை அடைந்தவையே. ஒரு வீட்டின் விற்பனையே மற்றொரு வீட்டின் சேகரிப்பாகிறது. பட்டியலிடப்பட்டுப் பொதுவுடைமையானது ‘கலைப்பொருள்’ எனப் பெயர்பெற்றது. பட்டியலின்றி விற்கப்பட்டது ‘பழைய சாமான்’ ஆயிற்று. மரமும் வேலைப்பாடும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

ஏலத்தின் விதிகள்

ஏலம் எப்போது நியாயமானது? 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவில் இதற்குச் சில வரையறைகளைத் தருகிறது. சுத்தியல் விழும்போதே விற்பனை முடிவடைகிறது. அதுவரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். குறைந்தபட்ச விலையை விற்பவர் விதித்துக்கொள்ளலாம். தாமே விலை கேட்கும் உரிமையை விற்பவர் முன்னதாக அறிவித்திருத்தல் வேண்டும். அறிவிக்காமல் கேட்டால், வாங்குபவர் அவ்விற்பனையை மோசடியாகக் கருதலாம். விலையை உயர்த்தப் போலிக் கேள்விகளைப் பயன்படுத்தினால் வாங்குபவர் அவ்விற்பனையைத் தள்ளிவிடலாம்.

இவ்விதிகளை நோக்கின், போலியாக ஏற்றப்படும் விலையிலிருந்து வாங்குபவரைக் காப்பதில் சட்டம் மிகுந்த கருத்துடையதாக இருப்பது புலனாகும். வணிகர் தமக்குள் கூடிப் பேசிப் போட்டியைத் தவிர்த்து விலையைத் தாழ்த்தும்போது விற்பவருக்கு இப்பிரிவு தரும் பாதுகாப்பு, அவர் முன்கூட்டியே விதிக்கும் குறைந்தபட்ச விலை ஒன்றே. அதை விதிப்பதற்குப் பொருளின் மதிப்பை அவர் அறிந்திருத்தல் வேண்டும். அவ்விலை கிடைக்காவிடில் காத்திருக்கும் வலிமையும் வேண்டும். வீழ்ந்த குடும்பத்திற்கு இவ்விரண்டும் அரிது. மரம் தேக்கா தோதகத்தியா, இணைப்புகள் உறுதியானவையா, பூச்சு பழையதா புதியதா என்பவற்றை வணிகர் தொட்டே அறிவார். அப்பொருளோடு வாழ்ந்தவர்க்கோ அதன் நினைவுகள் தெரியும்; விலை தெரியாது.

சென்னையும் காரைக்குடியும்

சென்னை மவுண்ட் ரோட்டில் ஏலத்தொழில் நடத்திய மர்ரே அண்டு கம்பெனியின் பெயரைத் தமிழறிஞர் நூல்களின் முகப்புப் பக்கங்களில் கண்டிருப்பர். ஆங்கிலப் பெயர் தாங்கிய இவ்விந்திய நிறுவனம் வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விற்றது. இதனை நடத்திய எஸ். ராஜம் 1950களில் சங்க இலக்கியம், கம்பராமாயணம், திவ்வியப் பிரபந்தம் முதலியவற்றைச் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டார். எஸ். வையாபுரிப்பிள்ளை உள்ளிட்ட அறிஞர் இப்பணியில் துணைநின்றனர். பழைய மேசை நாற்காலிகளின் விற்பனையும் பழந்தமிழ் நூல்களின் பரவலும் ஒரே பெயரின்கீழ் நிகழ்ந்தமை நம் பதிப்பு வரலாற்றில் போதிய அளவு கருதப்படவில்லை. பொருளை விற்பவரின் தேவையையும் வாங்குபவரின் கைப்பொருளையும் நாள்தோறும் கண்ட ஒரு தொழிலிலிருந்து, படிப்பவர் தரக்கூடிய விலையில் நூல் என்னும் கொள்கை தோன்றியது வியப்பன்று.

காரைக்குடியின் நிலை ஐதராபாத்தை நெருங்குகிறது. பர்மாவில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் 1942இல் நிகழ்ந்த ஜப்பானியப் படையெடுப்பாலும் பின்னைய அரசியல் மாற்றங்களாலும் பேரிழப்புற்றனர். பராமரிக்க இயலாத பெருவீடுகள் பிரிக்கப்பட்டபோது பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் பெட்டகங்களும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளை அடைந்தன. ஐதராபாத்தில் அரசியல் மாற்றமும் காரைக்குடியில் கடல்கடந்த வணிகத்தின் வீழ்ச்சியும் ஒரே விளைவைத் தந்தன. எனினும் காரைக்குடியில் கடைகள் ஓரிடத்தில் திரண்டமையால் விலைகளை ஒப்பிட்டறியும் வாய்ப்பு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அமைந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பழைய மரச்சாமான்களின் நியாய விலைக்கு மூன்று இன்றியமையாதன என்பது பெறப்படும். விலை பலர் அறியச் சொல்லப்படல் வேண்டும். பொருளின் தரம் இருதரப்பாருக்கும் தெரிதல் வேண்டும். விற்பவர் மறுத்துக் காத்திருக்க இயலுதல் வேண்டும். முதலாவதை ஏலம் தருகிறது. இரண்டாவதைக் கல்வி தரக்கூடும். மூன்றாவது சமுதாயத்தின் பொறுப்பு. 1949க்குப் பின் ஐதராபாத்தில் குறைவுற்றது இம்மூன்றாவதே.

ஆய்வாளர்க்கும் இங்கு ஒரு கடமை உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த பொருள்களையே தொல்பொருளாகக் கருதுகிறது. அவ்வயதை எட்டாதவற்றைப் பற்றிய குறிப்புகள், அவற்றை வாங்கி விற்றவர்களின் கணக்கேடுகளிலும் ஏலப் பட்டியல்களிலுமே எஞ்சும். உருது, தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் இத்தகைய ஏடுகள் எங்கேனும் கிடைப்பின், பழைய காகிதமாக எடைக்குப் போகும் முன் அவற்றைப் பல்கலைக்கழக நூலகங்கள் பெற்றுக் காத்தல் வேண்டும். கல்வெட்டில் நெல்லின் விலையைத் தேடிக் கணக்கிடும் நாம், நம் பாட்டனார் காலத்துக் கட்டிலின் விலையையும் வரலாறாகவே கொள்ளல் தகும்.