அல்லிராணி கோட்டை: முத்துக்கரையில் ஒரு மாளிகையின் எழுச்சியும் சிதைவும்

அநுராதபுரத்தை ஒட்டி மல்வத்து ஓயா என்னும் பெயரில் ஓடிவரும் ஆறு, மன்னார் மாவட்டத்தில் அருவியாறு எனப் பெயர் பெற்றுக் கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே, அரிப்பு என்னும் ஊரின் கடலோர மேட்டில் நிற்கும் செங்கல் சிதைவை ஊரார் அல்லிராணி கோட்டை என்பர். உண்மையில் அது கோட்டையன்று. 1798 முதல் 1805 வரை இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநராக இருந்த பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை அருகிருந்து மேற்பார்வையிடுவதற்காக எழுப்பிய மாளிகையாகும். பருத்த, எளிய தூண்களையுடைய டோரிக் என்னும் பண்டைக் கிரேக்கப் பாணியில் அமைந்தமையால் ஆங்கிலேயர் அதனை டோரிக் மாளிகை என்றே வழங்கினர்.

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இக்கரையைக் கைப்பற்றிய ஆங்கிலேயருக்கு, முத்துச் சலாபம் எனப்படும் பருவகால முத்துக்குளிப்பு பெருவருவாய் ஈட்டித் தந்தது. நள்ளிரவில் புறப்படும் வள்ளங்கள், சிப்பிகள் செறிந்த கடலடித் திட்டுகளாகிய பார்களை விடியலில் அடையும்; சுறா வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி என்னும் மந்திரக்காரர் ஓதிய பின்னரே, குளியாளிகள் கல்லைக் காலில் பற்றி மூழ்குவர். கரை சேர்ந்த சிப்பிகள் கொட்டு எனப்படும் அடைப்புகளில் அழுகவிடப்பட்டு, பின்னர் கழுவி அரிக்கப்பட்டு முத்துகள் பிரிக்கப்பட்டன. மாளிகையின் செங்கற்களை மெழுகிய பளபளப்பான சாந்தும் சிப்பிச் சுண்ணாம்பே என்பது, அம்மாளிகை எதனால் வாழ்ந்தது என்பதைச் சொல்லாமற் சொல்லும்.

பார்கள் பொய்த்த ஆண்டுகளில் சலாபம் நடைபெறவில்லை. 1906இல் அவை ஒரு நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டபோதும், சில ஆண்டுகளிலேயே சிப்பிவளம் அற்றுப்போனது. சலாபத்துக்கென்றே கட்டப்பட்ட மாளிகை, சலாபம் ஓய்ந்தபின் பேணுவாரின்றிப் போனது. இன்று சாந்து உதிர்ந்த தூண்களில் செங்கல் வரிகள் வெளிப்பட்டு நிற்க, மேட்டின் மண்ணைக் கடல் அரித்துக்கொண்டே வருவதால் கட்டடத்தின் ஒரு பகுதி ஏற்கனவே சரிந்துவிட்டது.

ஆயினும் மக்கள் வழக்கில் ஆளுநரின் பெயர் நிலைக்கவில்லை. அல்லியரசாணி மாலை என்னும் தமிழ்க் கதைப்பாடலின் தலைவியான அரசி அல்லியின் பெயரே நிலைத்தது. வரலாற்றுச் சான்றுக்கு ஒவ்வாதெனினும், மூச்சடக்கி முத்தெடுத்தவரின் மரபினர் இக்கரையின் செல்வத்தைத் தம் அரசிக்கு உரியதாகவே எண்ணினர் என்பதற்கு அப்பெயரைவிட வேறு சான்று வேண்டியதில்லை. முத்தை அரித்தெடுத்த கரையை இன்று கடல் அரிக்கிறது. எஞ்சிய தூண்களும் சரியுமுன் அவற்றை அளந்து, வரைந்து, தாங்குசுவர் எழுப்பிக் காப்பது, ஆளுநரின் பெருமைக்காக அன்று, அக்கடலில் மூழ்கி எழுந்த பெயரறியா மாந்தரின் உழைப்புக்காகச் செய்ய வேண்டிய கடமையாகும்.