ஸ்பெயின் பெண்களின் பெயர்களும் அவற்றின் பொருளும்

ஸ்பெயினில் பெண்களுக்குச் சூட்டப்படும் பாரம்பரியப் பெயர்கள் சிலவற்றின் பொருள் வியப்பளிக்கக் கூடியது. 'டோலோரெஸ்' என்றால் துயரங்கள்; 'சோலெடாட்' என்றால் தனிமை.

மகள் துன்புற வேண்டும் என்று எவரும் இப்பெயர்களைச் சூட்டுவதில்லை. அன்னை மரியாளின் சிறப்புப் பெயர்களே இவ்வாறு பெண் பெயர்களாயின. வியாகுல மாதாவைக் குறிக்கும் 'மரியா டெ லோஸ் டோலோரெஸ்' என்பதன் சுருக்கமே டோலோரெஸ். மகனை இழந்த தாயின் தனிமையைக் குறிப்பது சோலெடாட்.

இவ்வகையில் அமைந்த பிற பெயர்கள்:

பிலார் – தூண். சரகோசா நகரின் தூண் அன்னையைக் குறிப்பது; விழா நாள் அக்டோபர் 12.

கார்மென் – கார்மேல் மலை அன்னை.

கொன்சுவெலோ – ஆறுதல்.

நியேவெஸ் – வெண்பனி.

மெர்சிடிஸ் – கருணை. ஆஸ்திரிய வணிகர் எமில் ஜெல்லினெக்கின் மகளுக்கு வழங்கிய இப்பெயரே, 1901-ஆம் ஆண்டு டெய்ம்லர் நிறுவனத்தின் காருக்கும் சூட்டப்பட்டது.

பெயர் சூட்டும் உரிமை ஸ்பெயினில் எப்போதும் பெற்றோரிடமே இருந்ததில்லை. 1938-இல் பிராங்கோ அரசு பிறப்பித்த ஆணை, பாஸ்க், கட்டலான் உள்ளிட்ட மொழிப் பெயர்களைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பாஸ்க் மொழியில் வெண்பனியைக் குறிக்கும் 'எடுர்னே' என்ற பெயருக்குப் பிறப்புப் பதிவேட்டில் இடமில்லை. அதற்கு இணையான 'நியேவெஸ்' மட்டுமே ஏற்கப்பட்டது.

பிராங்கோ மறைந்த பின், 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்பெயினின் எம்மொழியிலும் பெயரிட அனுமதித்தது. முன்னர் பதிவான பெயரைத் தாய்மொழி வடிவுக்கு மாற்றிக்கொள்ளவும் அச்சட்டம் வழிவகுத்தது.