"கொன்னுடுவேன்" என்றால் எத்தனை வருஷம்?

அக்கா மகன் மேற்படிப்புக்கு டெக்சாஸ் கிளம்புகிறான். நம் வீடுகளில் "கொன்னுடுவேன்" என்பது அம்மா தினமும் சொல்லும் வார்த்தை. அங்கே அப்படிப் பேசாதே என்று சொல்லப் போய், அந்தச் சட்டங்களின் கதையைக் கொஞ்சம் படித்தேன்.

'பயங்கரவாத மிரட்டல்' என்றதும் 2001 செப்டம்பருக்குப் பிறகு வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. 1962-ல் அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் எழுதிய மாதிரி தண்டனைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. ஒருவரைத் திகிலடையச் செய்யவோ, ஒரு கட்டடத்தைக் காலி செய்ய வைக்கவோ வன்முறை மிரட்டல் விடுப்பது குற்றம். டெக்சாஸ் 1973-ல் இதைத் தன் சட்டத்தில் சேர்த்தது. அமைப்பு, கொள்கை எதுவும் தேவையில்லை. பயமுறுத்தினால் போதும்.

கலிஃபோர்னியா 1977-ல் வேறு வழியில் போனது. சமூக, அரசியல் நோக்கத்துக்காக மிரட்டுவதுதான் குற்றம் என்றது. அப்படியென்றால் எது அரசியல் நோக்கம்? தெளிவில்லை என்று 1981-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1988-ல் திருத்தி எழுதினார்கள். மிரட்டல் ஐயத்துக்கிடமின்றி, உடனடியானதாக, குறிப்பானதாக இருக்க வேண்டும். கேட்டவருக்கு நியாயமான, நீடித்த பயம் வர வேண்டும். ஆனால், சொன்னதைச் செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் அது குற்றமே! அதிகபட்சம் 3 வருடம் சிறை. 'பயங்கரவாத' என்ற அடைமொழியைப் பிற்பாடு கைவிட்டு, 'குற்ற மிரட்டல்' என்றே அழைக்கிறார்கள்.

அப்போ விளையாட்டுப் பேச்சு? 1966-ல் வாஷிங்டன் கூட்டமொன்றில் 18 வயது இளைஞர் ஒருவர், கட்டாய ராணுவ சேவைக்கு என் கையில் துப்பாக்கி கொடுத்தால் முதல் குறி ஜனாதிபதி ஜான்சன்தான் என்றார். கூட்டம் சிரித்தது. மத்திய சட்டப்படி தண்டனை கிடைத்தது. 1969-ல் உச்ச நீதிமன்றம், இது மிகைப்படுத்திய அரசியல் பேச்சு, உண்மையான மிரட்டல் அல்ல என்று விடுவித்தது. 2023-ல், கொலராடோ வழக்கொன்றில், கேட்பவர் பயந்தார் என்பது மட்டும் போதாது, மிரட்டலாகப் படக்கூடும் என்று தெரிந்தும் பேசியவர் அலட்சியம் செய்தார் என்றாவது அரசு நிரூபிக்க வேண்டும் என்றது.

ஆக, கடைசியில் நீதி கிடைக்கலாம். ஆனால் கவனியுங்கள், 1966-ல் பேசியதற்கு 1969-ல்தான் விடுதலை. அதுவரை வக்கீல் செலவு, படிப்பு, விசா எல்லாம் என்ன ஆவது?

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "மாமா, எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தான். நண்பர்களுடன் அவன் வைத்திருக்கும் வாட்ஸப் குழுவின் பெயரைக் கேட்டேன். அன்று இரவே மாற்றிவிட்டான்.