ஆணி புடுங்கிய கதை

மக்களே, ரெண்டு மாசமா பதிவு பக்கமே எட்டிப் பாக்கலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா இன்னிக்கு எழுதப்போறது நிஜ ஆணி பத்தி :-)

போன வாரம் கூட வேலை பாக்கற நண்பனோட காரைக்குடி பக்கம் அவன் ஊருக்குப் போயிருந்தேன். முகப்பு இந்தத் தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுலன்னு நீண்டு கிடக்கற செட்டிநாட்டு வீடு. பதினோரு பங்காளிகள். பாதிப் பேர் தூணையும் நிலைக்கதவையும் வியாபாரிகிட்ட கொடுத்துடலாங்கறாங்க. "இருநூறு வருஷ வீடுடா, நல்ல விலை வரும்" என்றான் நண்பன். பழைய சாமான் பைத்தியமான என்னைக் கூட்டிப் போனதே அதை உறுதி பண்ணத்தான்.

முதல்ல கண்ணுல பட்டது மர அலமாரி. கீல்ல ஸ்டார் ஸ்குரூ! அது 1930களின் நடுவுலதான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்துச்சு. சரி, டூப்ளிகேட்னு முடிவு கட்டப் போனேன். பக்கத்துலயே அடைச்ச பழைய ஓட்டைகள். அதாவது கீலை யாரோ பின்னாடி மாத்தியிருக்காங்க. நம்ம கோட்ல எவனோ போட்ட பேட்ச் மாதிரி. பின்பலகையைத் திருப்பினா வளைஞ்ச ரம்பக் கோடுகள், அதாவது வட்ட ரம்ப மிஷின்ல அறுத்தது. கை ரம்பமா இருந்தா கோணல்மாணலா நேர்க்கோடு விழும். கம்பியில செஞ்ச உருண்டை ஆணி வேற. இது 19ம் நூற்றாண்டுக் கடைசியிலதான் பரவுச்சு. அலமாரிக்கு இருநூறெல்லாம் சான்ஸே இல்லை.

வளவுக்குள்ள கதை வேற. உத்தரத்துலேர்ந்து உதிர்ந்து கிடந்த ஆணி ஒண்ணு: நாலு பட்டை, தலை கோணல், கொல்லன் அடிச்சது. அந்தப் பகுதி நிச்சயம் மூத்தது. முகப்புக்கு வந்தா இரும்பு உத்தரத்துல டார்மன் லாங் முத்திரை. அந்தக் கம்பெனி ஆரம்பிச்சதே 1875ல். சுவத்துல பூ புடைச்ச ஓடுகள், உடைஞ்ச ஒண்ணைத் திருப்பினா ஜப்பான்னு அச்சு. இந்த ஓடுகள் 20ம் நூற்றாண்டு ஆரம்பத்துலேர்ந்து 1930கள் வரை நிறைய இந்தியாவுக்கு வந்தவை. மாடி முகப்போ படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா, ஆர்ட் டெகோ. 1925 பாரிஸ் கண்காட்சிக்கு அப்புறம் உலகம் முழுக்கப் பரவின பாணி.

ஆக ஒரே வீடு இல்லை. 1852ல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடிச்சதும் அங்கே நெல் விளைச்சல் பெருகி, விவசாயிக்குக் கடன் கொடுத்தவங்க செட்டியார்கள். அந்த வட்டிப் பணம் வர வர வீடு முன்னாடி முன்னாடி வளர்ந்திருக்கு.

இதைச் சொன்னதும் நண்பன் முகம் சுருங்கிடுச்சு. பாவம், அவன் கணக்குல பாதி விலை போச்சு.

ஒண்ணுதான் இடிச்சது. மாடியில கடைசி அறை பூச்சே இல்லாம செங்கல்லா நிக்குது. மழையில உதிர்ந்துடுச்சோன்னு அப்பத்தாகிட்ட கேட்டேன்.

"உதுரலை தம்பி, பூசவே இல்லை. ஜப்பான்காரன் ரங்கூனுக்குள்ள வந்த வருசம் பணம் நின்னுபோச்சாம். கொத்தனாரு சாரத்தை அவுத்துக்கிட்டுப் போயிட்டாராம். எங்க மாமியா சொல்லுவாக."

1942. வீட்டுலயே துல்லியமா தேதி போட்டிருந்த இடம் அதுதான், வியாபாரிக்கு அதுல எடுக்க ஒரு குச்சிகூடக் கிடையாது.

நண்பன் கொஞ்ச நேரம் அந்தச் செங்கல்லைத் தடவிக்கிட்டே நின்னான். "ஐயா இதைப் பத்திப் பேசினதே இல்லைடா" என்றான். கதவுகளைப் பத்தி அப்புறம் ரெண்டு பேருமே பேசலை.

பங்காளிகள் கூட்டம் மாசி மாசம். கதவு, தூண், உத்தரம்னு ஒவ்வொண்ணும் எந்தக் கட்டுல எந்த இடத்துல இருக்குன்னு படம் எடுத்து வெச்சிருக்கேன். வியாபாரி கடைக்குப் போயிட்டா எல்லாமே "இருநூறு வருஷம்" தானே. அந்தப் பட்டை ஆணியை அப்பத்தா என்கிட்டயே கொடுத்துட்டாங்க, இப்ப மானிட்டர் பக்கத்துல இருக்கு.