குப்பைமேட்டில் எழுந்த கல்லூரி

ஃபுளோரிடா மாநிலத்தின் டேடோனா ஊரில் 1904-ம் ஆண்டு ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. மாதம் 11 டாலர். வீட்டைப் பேசி முடித்த பெண்ணின் கையில் இருந்ததோ ஒன்றரை டாலர். அக்டோபர் 3-ம் தேதி அங்கே கறுப்பினச் சிறுமிகளுக்கான பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார் மேரி மெக்லியோட் பெத்யூன். ஐந்து மாணவிகள், கூடவே அவருடைய மகன். மரப்பெட்டிகளே மேசை. கருகிய மரச்சிராய்கள் பென்சில். எல்டர்பெர்ரிப் பழத்தைப் பிழிந்து எடுத்த சாறு, எழுத மை.

இதை மட்டும் சொல்லி, தனி ஒருத்தியாக வறுமையை வென்றவர் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரைத் தூக்கிவிட்ட கைகள் பல. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் அவர் வாழ்நாள் முழுக்க ஓடினார்.

தெற்குக் கரோலினாவின் மேஸ்வில் அருகே 1875 ஜூலை 10 அன்று பிறந்தவர் மேரி. தாயும் தந்தையும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். 17 பிள்ளைகளில் மேரி 15-வது. விடுதலை வந்தது, வயிற்றுப்பாடு மாறவில்லை. குழந்தைகளும் பருத்தி எடுத்தார்கள். தாய் வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தார். அப்படித் தாயோடு போன ஒருநாள், அந்த வீட்டுக் குழந்தைகளின் அறையில் கிடந்த புத்தகத்தை மேரி கையில் எடுத்தாள். அந்த வீட்டுச் சிறுமி, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, கீழே வை என்று பிடுங்கிக்கொண்டாள். வெள்ளையருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இந்த எழுத்துதான் என்று அன்றைக்கு உறைத்ததாகப் பின்னாளில் பெத்யூனே சொல்லியிருக்கிறார்.

எம்மா வில்சன் என்ற கறுப்பின ஆசிரியை அந்தப் பகுதியில் மிஷன் பள்ளி நடத்தினார். எல்லாப் பிள்ளைகளையும் அனுப்ப வீட்டில் வழியில்லை. மேரியை அனுப்பினார்கள். பல மைல் நடந்து போய்ப் படித்த பெண், மாலையில் வீட்டாருக்குப் பாடம் சொன்னாள். கணக்குப் படித்ததும் அக்கம்பக்கத்தார் அவளைத் தேடி வந்தார்கள். பருத்தியை எடைபோடும் இடத்தில் எத்தனை பவுண்டு, என்ன விலை என்று கூட்டிப் பார்க்கத் தெரியாமல் ஏமாந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். இப்போது ஒரு சின்னப் பெண் பக்கத்தில் நின்று கணக்கைச் சரிபார்த்தாள். பெத்யூனின் பொதுவாழ்க்கை அந்தத் தராசடியில் தொடங்கிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

மேற்படிப்புக்கு உதவியவர், தொலைதூர டென்வர் நகரத்தில் துணி தைத்துப் பிழைத்த மேரி கிறிஸ்மேன். தையல் கூலியில் மிச்சம் பிடித்து, முகம் தெரியாத கறுப்பினப் பிள்ளை ஒன்றைப் படிக்கவைக்க நினைத்த மனுஷி. அந்தப் பணத்தில் ஸ்கோஷியா பள்ளி, பிறகு சிகாகோவில் மூடி பைபிள் கல்லூரி. ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகப் போக பெத்யூன் விண்ணப்பித்தார். கறுப்பின மிஷனரிகளுக்கு அங்கே இடமில்லை என்று திருச்சபை கையை விரித்துவிட்டது.

ஆப்பிரிக்கா நழுவியது, டேடோனா கிடைத்தது. ரயில் பாதை வேலைக்கு வந்த கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படிப்பின்றித் திரிந்தார்கள். வாடகை வீடு சீக்கிரமே போதாமல் போக, ஊர்க் குப்பை கொட்டும் நிலத்தை விலை பேசினார் பெத்யூன். முன்பணம் 5 டாலர். கட்டட வேலைக்காரர்களுக்கு ஐஸ்கிரீமும், சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரமும் விற்றுச் சேர்த்த சில்லறையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய் நிலக்காரரிடம் எண்ணிக் கொடுத்தார். குளிர்காலத்தைக் கழிக்க வந்த பெரும் பணக்காரர்களின் கதவையும் தட்டினார். சோப்புத் தொழிலதிபர் ஜேம்ஸ் கேம்பிள் அறங்காவலர் ஆனார்.

பெத்யூனின் மாணவி ஒருத்தி குடல்வால் அழற்சியால் துடித்தபோது, வெள்ளையர் மருத்துவமனை அவளைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் கிடத்தியது. அந்தக் கோபத்தில் 1911-ல் பள்ளிக்கு அருகிலேயே மருத்துவமனை திறந்தார் பெத்யூன்.

1920-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததும், ஓட்டுப்பதிவுக்கான எழுத்தறிவுத் தேர்வில் தேறக் கறுப்பினத்தவருக்கு இரவு வகுப்பு நடத்தினார். ஓட்டுப்போடக் கட்ட வேண்டிய வரிக்கு வசூல் செய்தார். தேர்தலை ஒட்டிய ஓர் இரவில் முகமூடி போட்ட, வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் கும்பல் பள்ளி வளாகத்துக்கு வந்து மிரட்டியது. பெத்யூன் அசையவில்லை. மாணவிகள் ஞானப்பாட்டு பாடினார்கள், கும்பல் கலைந்தது. கறுப்பினத்தவர் ஓட்டுச்சாவடிக்குப் போனார்கள்.

1936-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு, தேசிய இளைஞர் நிர்வாகத்தில் கறுப்பின இளைஞர்களுக்கான பொறுப்பை அவரிடம் கொடுத்தது. அதிபரின் மனைவி எலினோர் ஏற்கெனவே தோழி. பதவி மேசைக்கு வந்த பிறகும் பழைய தராசடிக் கேள்விதான்: எங்கள் பங்கு எவ்வளவு, கணக்கைக் காட்டுங்கள். கல்லூரிகளில் உயர்படிப்புப் படிக்கும் கறுப்பின மாணவர்களுக்கென்று தனி நிதியைக் கேட்டு வாங்கினார். விமானம் ஓட்டும் அரசுப் பயிற்சியில் கறுப்பினக் கல்லூரிகளையும் சேர்க்கவைத்தார். 1945-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவான மாநாட்டுக்கு ஆலோசகராகப் போனபோது அவருக்கு வயது 69.

டேடோனா பள்ளி 1923-ல் குக்மன் நிறுவனத்தோடு இணைந்தது. கல்லூரியாகி, 2007-ல் பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகம் ஆனது. 1955 மே 18 அன்று காலமான பெத்யூனை அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். 2022-ல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் சிலைக்கூடத்தில் ஃபுளோரிடாவின் சார்பில் நின்றிருந்த கூட்டமைப்புப் படைத்தளபதி கிர்பி ஸ்மித்தின் சிலைக்குப் பதிலாக, பெத்யூனின் பளிங்குச் சிலை வைக்கப்பட்டது. அடிமை முறையைக் காக்க எழுந்த படையின் தளபதி ஸ்மித்.