ஊழியின் கடைசி நூற்றாண்டு

தமிழில் 'ஊழி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. மிக நீண்ட காலம் என்பது ஒன்று. அக்காலத்தின் முடிவில் வந்து அனைத்தையும் விழுங்கும் பேரழிவு என்பது மற்றொன்று. எரிமலையியலின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பார்க்கும்போது, அவ்வியல் விடாமல் கேட்டுவந்த கேள்வி இவ்விரு பொருள்களுக்கும் இடையில்தான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் ஒரு மலை, விழித்து எழுவதற்கு எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது?

இக்கேள்விக்கு விடை தேடப்பட்ட இடங்களுள் முக்கியமானது, ஏஜியன் கடலில் பிறை வடிவில் கிடக்கும் கிரேக்கத் தீவான சான்டோரினி. அதன் பழம்பெயர் தேரா. வெண்கலக் காலத்தில் இங்கு நிகழ்ந்த வெடிப்பில் தீவின் நடுப்பகுதி உள்ளே சரிந்து, அவ்விடத்தில் கடல் புகுந்தது. எஞ்சிய நிலத்தைப் பல மீட்டர் கனத்துக்கு நுரைக்கல்லும் சாம்பலும் மூடின. இது நிகழ்ந்த ஆண்டு எது என்பதில் நெடிய விவாதம் உண்டு. சாம்பலில் புதைந்திருந்த ஓர் ஒலிவமரக் கிளையின் கதிரியக்கக் கரிமக் கணக்கு, கி.மு. 1627-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட காலத்தை 2006-இல் சுட்டியது. எகிப்திய வரலாற்றோடு மட்பாண்டங்களை ஒப்பிடும் தொல்லியலாளர் பலர் இன்னும் பிற்பட்ட காலத்தையே கூறிவந்தனர்.

தீவுக்கு அடியில் ஒரு பழைய உலகம் இருப்பது தெரியவந்ததே ஒரு தற்செயல்தான். 1860-களில் சூயஸ் கால்வாய்ப் பணிக்குத் தேவையான காரைக்காக, அருகிலுள்ள தெரேசியாத் தீவில் எரிமலைச் சாம்பலை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் வீட்டுச் சுவர்கள் தென்பட்டன. 1866-இல் சான்டோரினியின் குடாவில் புதிய வெடிப்பு தொடங்கியபோது அதை ஆராய வந்த பிரெஞ்சு நிலவியலாளர் ஃபெர்டினான் ஃபூக்கே இந்த இடிபாடுகளையும் ஆராய்ந்தார். 1879-இல் சான்டோரினியைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது.

ஃபூக்கேக்கு மற்றொரு முகமும் உண்டு. பாறையை நுண்ணோக்கியில் வைத்துப் படிக்கும் கலையைப் பிரான்சில் வேரூன்றச் செய்தவர்களில் அவர் ஒருவர். அக்கலையின் முன்னோடி இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சார்பி. பாறையை ஒளி ஊடுருவும் மெல்லிய சீவலாகத் தேய்த்து, படிகங்களின் உள்ளமைப்பிலிருந்து அவற்றின் பிறப்பை அறியலாம் என்று 1858-இல் அவர் எழுதியபோது, மலையை நுண்ணோக்கியில் பார்ப்பதா என்ற ஏளனம் எழுந்தது. ஆக, புதையுண்ட வீடும் அதைப் புதைத்த பாறையின் படிகமும் ஃபூக்கேயின் கையில் ஒருசேர இருந்தன. ஆனால் அந்தப் படிகத்திடம் காலத்தைக் கேட்டறியும் வழி அன்று எவரிடமும் இல்லை.

அவ்வழி வேறு திசைகளிலிருந்து வந்தது. 1855-இல் அடோல்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஒரு பொருள் மற்றொன்றில் விரவிப் பரவும் வேகத்துக்கான விதிகளை வகுத்தார். உடலியலில் ஆர்வம் கொண்ட அவருக்கு எரிமலை பற்றிய நினைப்பே இருந்திருக்காது. துணிக்கு நீலம் போடும் வாளியை எண்ணிக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு சொட்டு நீலம் முதலில் புள்ளியாக நிற்கிறது. பிறகு அதன் விளிம்பு மங்கி விரிகிறது. தண்ணீரைக் கலக்காமல் விட்டால், விளிம்பு எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதைக் கொண்டே சொட்டு விழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கிடலாம். நூறு ஆண்டுகள் கழித்து, பிரான்சின் ரேமோன் காஸ்தேன் எலெக்ட்ரான் கற்றையைக் கொண்டு ஒரு படிகத்தின் வேதிச் சேர்க்கையைப் புள்ளி புள்ளியாக அளக்கும் கருவியை உருவாக்கி, அதை 1951-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். வாளியைப் போலவே படிகத்தையும் படிக்கும் வசதி இவ்வாறு கிடைத்தது.

நிலத்தடிப் பாறைக்குழம்பில் படிகங்கள் மரத்தின் வளையங்களைப்போல் அடுக்கடுக்காக வளர்கின்றன. புதிய குழம்பு வந்து கலந்தால் அடுத்த அடுக்கின் சேர்க்கை மாறிவிடும். எல்லைக்கோடு முதலில் கூர்மையாக இருக்கும். கடும் வெப்பத்தில் மெக்னீசியம் போன்ற அணுக்கள் அக்கோட்டைக் கடந்து மெல்ல நகர, கோடு மங்கும். வெடிப்பில் வெளியே வீசப்பட்டுக் குளிர்ந்த கணத்தில் நகர்வு நின்றுவிடும். கலவைக்கும் வெடிப்புக்கும் இடைப்பட்ட காலம் அந்த மங்கலின் அகலத்தில் பதிந்திருக்கிறது.

இம்முறைக்கு முன்பே வேறு கடிகாரங்கள் இருந்தன. யுரேனியம் சிதையும் வேகத்தைக் கொண்டு சிர்க்கான் படிகங்களின் வயதை அளந்தவர்கள், ஓர் எரிமலையின் அடியில் அவை பல்லாயிரம் ஆண்டுகள், சில இடங்களில் லட்சம் ஆண்டுகள்கூட இருந்துள்ளன என்று கண்டார்கள். ஆகவே, பெரு வெடிப்புக்கு முன் பிரம்மாண்டமான உருகிய ஏரியொன்று நெடுங்காலம் காத்திருக்கிறது என்ற சித்திரம் பரவலாக நிலவியது.

2012-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை, சான்டோரினியைப் பொறுத்தவரை இச்சித்திரத்தைத் திருத்தியது. பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரானில் பணியாற்றிய எரிமலையியலாளர் டிமத்தி ட்ரூயிட், படிக விரவல் ஆய்வில் தேர்ந்த ஃபிடெல் கோஸ்டா முதலியோருடன் அதை எழுதினார். வெண்கலக் கால வெடிப்பின் நுரைக்கல்லிலிருந்து பிளாஜியோகிளேஸ் படிகங்களைப் பிரித்து, அவற்றின் அடுக்குகளை அவர்கள் அளந்தார்கள். முந்தைய பெருவெடிப்புக்கும் இதற்கும் இடையில் 18,000 ஆண்டுகள் கழிந்திருந்தன. வெளிப்பட்ட குழம்பு 40 முதல் 60 கன கிலோமீட்டர் என்று அவர்கள் கொண்டனர். பின்வந்த கடலடி அளவைகள் இதைச் சற்றுக் குறைத்துள்ளன. இருந்தும் பெரும்பாலான படிகங்கள் சொன்ன காலம், வெடிப்புக்கு முந்தைய ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு உட்பட்டது. வெவ்வேறு குழம்புகள் ஒன்றோடொன்று கலப்பது கடைசி மாதங்களிலும் நடந்துகொண்டிருந்தது.

அந்நூற்றாண்டில் குழம்பு நிரம்பிய வேகம் ஆண்டுக்கு 0.05 கன கிலோமீட்டருக்கும் மேல் என்று அவர்கள் கணித்தார்கள். நம் நாளிதழ்கள் அணைநீரை அளக்கும் கணக்கில் இது ஏறத்தாழ 1.75 டி.எம்.சி. இவ்வளவு குழம்பு கீழே புகும்போது மேலுள்ள நிலம் அசையாமல் இருந்திருக்க முடியாது. கரைகள் உயர்ந்திருக்கலாம், கிணறுகள் மாறியிருக்கலாம். ஒரு பாட்டியின் காலத்துக் கடற்கரையும் பேத்தியின் காலத்துக் கடற்கரையும் ஒன்றாக இருந்திராது என்று நாம் ஊகிக்கலாம்.

அம்மக்கள் விட்டுச்சென்ற தடயம், ஸ்பிரிடோன் மரினாத்தோஸ் 1967-இல் அக்ரோத்திரியில் தொடங்கிய அகழ்வில் வெளிப்பட்டது. சாம்பலுக்கு அடியில் பல மாடி வீடுகளும் சுவரோவியங்களும் கொண்ட ஒரு நகரம் கிடந்தது. பெருவெடிப்புக்கு முன்பே ஒரு நிலநடுக்கம் அதைச் சிதைத்திருந்தது. இடிந்த கற்கள் குவித்து வைக்கப்பட்டிருந்தன, கட்டில்கள் வெளியே கொண்டுவரப்பட்டிருந்தன. ஊரைச் சீர்செய்து மீண்டும் குடியிருக்கவே அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் பாம்ப்பேயில் கிடைத்தவை போன்ற உடல்கள் இந்நகரத்தில் கிடைக்கவில்லை. ஏதோ ஒரு கட்டத்தில் பணியை நிறுத்திவிட்டு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கடல் தாண்டிப் பிழைத்தார்களா என்பதைச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை. மண்ணுக்குள் கடைசிக் கலவை நடந்த மாதங்களும், மண்ணுக்கு மேல் அவர்கள் கற்களைக் குவித்த நாட்களும் ஒன்றையொன்று தொட்டிருக்கக்கூடும் என்ற எண்ணமே நம்மைத் துணுக்குறச் செய்கிறது.

அப்படியானால் சிர்க்கானின் நீண்ட கணக்கு பொய்யா? இல்லை. 2014-இல் கேரி கூப்பர், ஆடம் கென்ட் இருவரும் அமெரிக்காவின் ஹூட் மலையை ஆராய்ந்து, இரண்டு கணக்குகளையும் இணைத்தார்கள். அங்கே படிகங்களின் வயது 21,000 ஆண்டுகளுக்குக் குறையவில்லை. ஆனால் அக்காலத்தின் மிகப் பெரும் பகுதியை அவை பாதி உறைந்த, வெடிக்க இயலாத நிலையில்தான் கழித்துள்ளன. வெடிக்கத்தக்க அளவுக்கு இளகிய காலம் அதில் ஒரு சிறு பங்கே. உறக்கம் நெடியது, விழிப்பு குறுகியது. படிகக் கடிகாரத்துக்கும் குறைகள் உண்டு. குழம்பின் வெப்பநிலையைச் சில பத்து பாகைகள் பிழையாகக் கொண்டாலே விடை சில மடங்கு மாறிவிடும். ஆயினும் பத்து மடங்கு பிசகினாலும் நூறு ஆண்டு 18,000 ஆண்டாகிவிடாது.

இந்த வேறுபாடு ஏட்டுக்கணக்கு மட்டுமன்று. பிலிப்பைன்ஸின் பினதுபோ மலை சுமார் ஐந்நூறு ஆண்டுகள் அடங்கிக் கிடந்தது. 1991 ஏப்ரல் 2-இல் அதன் சரிவில் நீராவி வெடித்துக் கிளம்பியது. ஜூன் 15-இல் பெருவெடிப்பு. அந்தப் பத்து வாரங்களில் அறிவியலாளர்கள் சொன்னதை அரசு செவிமடுத்ததால் பல்லாயிரம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். சான்டோரினியும் சும்மா இருக்கவில்லை. 2011, 2012-ஆம் ஆண்டுகளில் அதன் நிலம் உயர்ந்து, பிறகு அடங்கியது. 2025-இன் தொடக்கத்தில் தீவின் வடகிழக்கே ஆயிரக்கணக்கான நடுக்கங்கள் தொடர்ந்து எழ, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் படகிலும் விமானத்திலும் வெளியேறினார்கள். வெடிப்பு நிகழவில்லை, அவர்கள் திரும்பினார்கள்.

நீண்ட காலம் அமைதியாக இருந்தது என்பதை இனியும் இருக்கும் என்பதற்கான உறுதிமொழியாகக் கொள்வது மனித இயல்பு. 18,000 ஆண்டு மௌனத்தையும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் முடித்துவிட முடியும் என்று மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு படிகம் சொல்கிறது. அந்தக் கடைசி நூற்றாண்டை முன்கூட்டியே அடையாளம் காண, உறங்கும் மலைகளின் மேல் கருவிகளை வைத்து, எதுவும் நடக்காத ஆண்டுகளிலும் சலிக்காமல் கவனித்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்பொறுமைக்கு அரசுகள் செலவிட முன்வருமா என்பதைப் படிகங்கள் சொல்வதில்லை; அதை நாம்தான் சொல்லியாக வேண்டும்.