கரைவலையும் கல்விச்சாலையும்

சிலாபத்திற்கும் புத்தளத்திற்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தற் களப்பும் சூழ்ந்த மணற்கரையிலே அமைந்திருக்கிறது உடப்பு என்னும் தமிழூர். திரௌபதையம்மன் கோயில் தீமிதி விழாவினால் நாடறிந்த இவ்வூருக்குப் பிறிதொரு சிறப்பும் உண்டு. அது கரைவலைத் தொழிலும், அத்தொழிலோடு வளர்ந்த அம்பாப் பாடலுமாம்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் மேல்கடல் கொந்தளித்துக் கிடக்கும். அது தணிந்து ஐப்பசி பிறந்ததும் கரைவலை கடலில் இறங்கும். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுத் தோணி புறப்படும். பிறைவடிவில் வலையை வளைத்து, மற்றக் கயிற்றைச் சிறிது தொலைவிலே கரைசேர்க்கும். பின்னர் இரு கூட்டத்தார் இரு கயிறுகளையும் பற்றி இழுப்பர். ஒருபுறம் விரைந்து மறுபுறம் தளர்ந்தால் வலை கோணும், மீனும் தப்பும். ஆதலின் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடி, அத்தாளத்திலே காலூன்றி இழுப்பர். எனவே அம்பா வெறும் பொழுதுபோக்குப் பாட்டன்று. பலர் வலிமையை ஒன்றாக்கும் கருவி. நீரோட்டம், காற்றின் குணம், மடியின் கனம் ஆகியவற்றைச் சிறுவர் கயிற்றிலே கைவைத்தே கற்றனர்.

இத்தகைய அறிவைப் பள்ளியிற் புகட்டலாமா என்னும் வினா தமிழருக்குப் புதிதன்று. 1953ஆம் ஆண்டிலே சென்னை மாநிலத்தில் இராசாசி ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியிற் பள்ளியிலும், எஞ்சிய பகுதியிற் பெற்றோர் தொழிலிலும் பயிலவேண்டும் என்பது அது. மீனவன் மகன் மீனவனாகவே இருத்தல் வேண்டுமோ என்று மக்கள் சினந்தெழுந்தனர். ‘குலக்கல்வி’ என்று அதற்குப் பெயருமிட்டனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது.

இலங்கை வேறுவழியில் முயன்றது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம், 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை தொழில்முன்னிலைப் பாடங்களை எல்லா மாணவருக்கும் உரியனவாக்கியது. அந்தந்தப் பிரதேசத்தின் தொழில்களை ஆசிரியர் ஆராய்ந்து பாடம் அமைத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. கடலோரத்திலே மீன்பிடி பாடமாகும் வாய்ப்பு அவ்வாறு பிறந்தது. ஆயினும் ஆசிரியர் பலர் அத்தொழில்களில் பயிற்சி பெறாதவர். பெற்றோரோ தம் பிள்ளைகள் உத்தியோகம் பெறுதலையே விரும்பினர். 1977இல் ஆட்சி மாறியபின் அப்பாடங்களும் மறைந்தன.

அப்பெற்றோரைக் குறைகூறல் தகாது. கடலின் கொடுமையை அறிந்தவர் அவர். ஏட்டுக்கல்வியே பிள்ளைகளைக் கரையேற்றும் என நம்பியவர். ஆனால், தொழிலுக்குப் பிள்ளையை ஒப்படைத்தல் ஒன்று. தொழிலுள் உறையும் அறிவைப் பிள்ளைக்கு ஒப்படைத்தல் மற்றொன்று. இவ்விரண்டின் வேறுபாடு விளங்க வடதுருவத்தை அடுத்த அலாஸ்காவை நோக்கலாம். அங்கே யூப்பிக் என்னும் பழங்குடியினர் சல்மன் மீனைப் பரண்களில் உலர்த்தி உண்பவர். ஒருகாலத்தில் பள்ளிகளிலே தாய்மொழி பேசியதற்காகவும் தண்டனை பெற்றவர். 1980களிலிருந்து அவர்தம் முதியோர், ஆசிரியர், கணித அறிஞர் ஆகியோர் ஒருங்கு கூடினர். மீன் உலர்த்தும் பரணை அமைக்கும் முறையிலிருந்தே சுற்றளவையும் பரப்பளவையும் கற்பிக்கும் பாடத்தை ஆக்கினர். முதியோர் ஆசிரியருக்கு ஆசிரியராயினர். மாணவரோ கணிதத்தை இழந்தாரல்லர். முன்னோர் அறிவையும் இழந்தாரல்லர்.

அண்மைக் காலத்தில் மேல்கரையின் சில இடங்களிலே, உழவு இயந்திரத்தில் பொருத்திய பொறி கரைவலையை இழுக்கத் தலைப்பட்டது. உடலுழைப்புக் குறைந்தது நன்றே. ஆனால் பொறிக்குப் பாட்டு வேண்டுவதில்லை. அம்பாவை அடியெடுத்துக் கொடுக்கும் முதியோர் மறைந்தால், அப்பாட்டோடு காற்றும் நீரோட்டமும் பற்றிய சொற்களும் மறையும். கரைவலையின் பிறைவடிவிலே வடிவகணிதமும், அம்பாவிலே இசையும் தமிழும், பருவக்காற்றிலே புவியியலும் உள. அவற்றைக் கற்கும் பிள்ளை நாளை மருத்துவராகலாம், பொறியியலாளராகலாம், மீனவராகவும் ஆகலாம். எதுவாயினும், தன் ஊர் அறிவற்ற ஊர் என்று எண்ணமாட்டார்.